துணிந்தவர் யாவர்? ஆங்கிலத்தின் இடர்ச் சொற்களும் இறம்பொடை மலைச்சாரலும்

கம்பளையிலிருந்து புசல்லாவ ஊடாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், இறம்பொடையை அண்மிய செங்குத்தான கணவாய்ப் பகுதி ஆங்கில இலக்கியத்தில் ஒரு சிறு இடத்தைப் பெற்றுள்ளது. பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்று புகழெய்திய சாமுவேல் பேக்கர், 1848-இல் நுவரெலியாவில் பண்ணையமைக்க வந்தபோது நேர்ந்தவற்றை 1855-இல் வெளியான தமது இலங்கை நூலில் விவரிக்கின்றார். அவருடைய வண்டி குதிரைகளுடன் இக்கணவாயிற் பள்ளத்தில் உருண்டது. அதனை மீட்க அனுப்பப்பட்ட யானையை அவரது பணியாள் விளையாட்டாக ஓயாது விரட்டி மலையேற்ற, அவ்விலங்கு மாண்டுபோயிற்று. பேக்கர் இதனை நகைச்சுவையுடன் கூறுகின்றார். இவ்வகை எழுத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பொதுப்பெயர் 'அட்வெஞ்சர்' என்பதாகும். நாம் அதனைச் சாகசம் என்றும் வீரச்செயல் என்றும் மொழிபெயர்த்துக்கொண்டோம். யானையின் பக்கத்திலிருந்து நோக்கினால் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் கிடைத்திருக்கும்.

இவ்வினாவை ஆங்கிலத்தில் இடரையும் துணிவையும் குறிக்கும் சொற்றொகுதி முழுவதற்கும் விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சொல்லின் பிறப்பே அதன் பொருள் என்று கருதுவது தவறு. வேர்ச்சொல் ஆராய்ச்சி பலவேளைகளில் அறிஞரின் பொழுதுபோக்காகவே முடிந்துவிடுவதையும் அறிவோம். ஆயினும், சொல் என்பது வர்க்க நலன்கள் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் களம் என 1929-இல் வொலோஷினொவ் எடுத்துக்காட்டினார். தனிச் சொற்களின் பொருள் மாற்றங்களூடாகச் சமூக மாற்றத்தை வாசிக்கும் முறையை 1976-இல் றேமண்ட் வில்லியம்ஸ் வளர்த்தெடுத்தார். அவ்வழியில் நின்று நோக்கும்போது, இச்சொற்கள் எப்போது, யாருடைய கையில், எதன்பொருட்டு பொருள் மாறின என்பதே முதன்மையான வினாவாகின்றது.

இன்று இறம்பொடைச் சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டும் இளைஞனும் 'றிஸ்க்' என்னும் சொல்லைத் தயக்கமின்றி வழங்குகின்றான். இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது 17-ஆம் நூற்றாண்டில். பிரெஞ்சு வழியாக இத்தாலியத்திலிருந்து வந்தது. அதன் இலத்தீன் வடிவத்தை 12-ஆம் நூற்றாண்டு ஜெனோவா நகரத்து நொத்தாரிசுமாரின் கடல்வணிக ஒப்பந்தங்களிற் காண்கின்றோம். சரக்கு கடலில் அழிந்தால் இழப்பு யாருடையது என்பதை வரையறுக்கும் சொல்லாக அங்கே அது நிற்கின்றது. அதற்கு அப்பாலுள்ள மூலம் பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. வெட்டுதல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, வெட்டுண்டாற்போல் நிமிர்ந்த பாறையைக் குறித்து, மாலுமிகளுக்குப் பாறையே ஆபத்தாகையால் இப்பொருளைப் பெற்றது என்பர் சிலர். ஸ்பானிய மொழியில் இதையொத்த சொல் இன்றும் செங்குத்துப் பாறையையே குறிக்கும். இறைவன் அளிக்கும் பங்கு என்னும் பொருளுடைய 'றிஸ்க்' என்ற அரபுச் சொல்லே மூலம் என்பர் வேறு சிலர். மூலம் எதுவாயினும், சொல் முதன்முதலாக நமக்குக் காட்சி தரும் இடம் போர்க்களமன்று. நொத்தாரிசின் மேசை என்பது மனங்கொள்ளத்தக்கது. அச்சத்தையோ வீரத்தையோ அல்ல, பிரித்துப் பங்கிடத்தக்க இழப்பையே அது குறித்தது. அளவிடவும், விலை குறிக்கவும், பிறரிடம் கைமாற்றவும் கூடியதாக ஆபத்து மாறிய கட்டத்தின் சொல் அது.

இதனோடு ஆங்கிலத்தின் பழஞ்சொல்லான 'டெயர்' என்பதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். பழைய ஆங்கிலத்திலேயே உள்ளது. ஒருவன் தன் உடலையும் உயிரையும் முன்வைத்து ஒன்றைச் செய்ய முற்படுவதை அது சொல்கின்றது. ஒருவனுடைய 'றிஸ்க்'கை இன்னொருவன் காசு கொடுத்து ஏற்கலாம். ஒருவனுடைய துணிவை அவ்வாறு ஏற்றுக்கொள்ள யாராலும் இயலாது. ஆகவே வணிகத்துக்குப் பயன்பட்டவை மத்தியதரைக் கடலோரத்திலிருந்து வந்த சொற்களே.

சூதாட்டக் களம் சில சொற்களை வழங்கிற்று. 'ஹசாட்' என்பது பழைய பிரெஞ்சில் ஒரு பகடையாட்டத்தின் பெயர். பகடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து அது வந்ததென்பர், ஐயத்துக்கு இடமுண்டு. 'சான்ஸ்' என்பது விழுதல் என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது. 'ஜெப்படி' சமமாகப் பிரிந்து நிற்கும் ஆட்டத்தைக் குறித்த தொடர். 'பெரில்' மாத்திரம் வேறு வகையானது: முயன்று பார்த்தல் என்னும் பொருளுள்ள அதன் வேரிலிருந்தே அனுபவத்தையும் பரிசோதனையையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் தோன்றின, கிரேக்க வழியாகக் கடற்கொள்ளையனைக் குறிக்கும் சொல்லும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பரிசோதனையும் கொள்ளையும் ஒரு குடும்பத்தவையாயிருப்பது குடியேற்ற வரலாற்றைப் படித்தவர்க்கு வியப்பளிக்காது.

'டேஞ்சர்' என்னும் சொல்லிற் சற்றுத் தரித்து நிற்கவேண்டும். ஆபத்து என்னும் பொருளை அது பிற்காலத்திலேயே பெற்றது. ஆண்டான் என்னும் பொருள்தரும் இலத்தீன் 'தொமினுஸ்' அதன் மூலமாகும். நிலப்பிரபுத்துவ ஐரோப்பாவில் அது பிரபுவின் அதிகாரத்தை, அவன் தண்டிக்கவும் தடுக்கவும் கொண்டிருந்த உரிமையைக் குறித்தது. ஒருவனுடைய 'டேஞ்சரில்' இருத்தல் என்றால் அவனுக்குக் கட்டுப்பட்டிருத்தல், பெரும்பாலும் அவனுக்குக் கடன்பட்டிருத்தல் என்று பொருள். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் நீதிமன்றக் காட்சியிலே போர்ஷியா இச்சொல்லை இப்பழம் பொருளிலேயே ஆளுகின்றாள். கடலில் முதலிட்ட அன்ரோனியோ கடன்கொடுத்தவனின் பிடியில் நிற்கின்றான். கடலின் இடர் கடனின் இடராக மாறும் கணத்தை அந்நாடகம் துல்லியமாகப் பிடித்துவிடுகின்றது. நிலப்பிரபுவின் அதிகாரம் மறைந்தபின் அச்சொல் யாருடையதுமல்லாத பொது ஆபத்தைக் குறிக்கலாயிற்று. ஆபத்து யாரிடமிருந்து வருகின்றதோ அவரது பெயர் சொல்லிலிருந்து அழிந்துவிட்டது எனலாம்.

இனி 'அட்வெஞ்சர்'. நேரவிருப்பது, வந்து சேர்வது என்பதே அதன் மூலப்பொருள். இடைக்காலக் காவியங்களில் வீரன் காட்டுவழியே செல்ல, அவனுக்கு நேர்வதெல்லாம் அட்வெஞ்சர். வணிகரின் கையில் அது முதலீடாகிவிட்டது. அந்நிய நாடுகளுக்குத் துணி விற்ற இலண்டன் வணிகர் 'மேர்ச்சன்ட் அட்வெஞ்சரர்ஸ்' என்னும் பெயரில் 1407-இல் அரச சாசனம் பெற்றனர். 1600-இல் தோன்றிய கிழக்கிந்தியக் கம்பனியின் பங்குதாரர்களும் அட்வெஞ்சரர் எனவே வழங்கப்பட்டனர். சொல்லின் தலை வெட்டுண்டு 'வெஞ்சர்' ஆனதும் இவ்வட்டத்திலேயே. 1779 முதல் நிலைபெற்ற லொயிட்ஸ் கடற்காப்புறுதிப் பத்திரத்தில் அட்வெஞ்சரும் பெரிலும் இணைந்து நின்று, காப்புறுதியாளர் ஏற்கும் இழப்புக்களின் பெயர்களாயின.

இவற்றுள் மிகவும் வெளிப்படையானது வெர்ஜினியாக் கம்பனியின் வழக்காகும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் குடியேற்றத்தை நடத்திய அக்கம்பனி, தன்னைச் சார்ந்தோரை இரு வகையாக்கிற்று. பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு இலண்டனில் தங்கியவர் 'அட்வெஞ்சரர்'. கடல் கடந்து சென்று, நோயிலும் பட்டினியிலும் மடிந்தவர் 'பிளான்டர்'. வீட்டிலிருந்தவனுக்கே துணிவின் பெயர் கிடைத்தது. இரு நூற்றாண்டுகளின் பின் அதே 'பிளான்டர்' என்னும் சொல் நமது மலைகளுக்கு வந்து சேர்ந்தபோது, அதற்குரியவன் தன் கையால் ஒரு கன்றும் நடாத துரையாயிருந்தான். நட்டவனுக்கு வேறு பெயர் இடப்பட்டது. தமிழில் உழைப்பின் விலையைக் குறித்த கூலி என்னும் சொல்லே அப்பெயருக்கு மூலம் என்பது பலர் கருத்து. அங்ஙனமாயின், விலையின் பெயர் மனிதனின் பெயராகியது.

இறம்பொடைச் சாரலில் இவ்வரலாறு கண்முன்னே கிடக்கின்றது. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதியற்ற காடுகளை முடிக்குரியவையாக்கிற்று. ஏக்கர் ஐந்து சிலின் என்னும் விலைக்கு அவை விற்கப்பட்டன. 1844-இல் விலை இருபது சிலினாக உயர்த்தப்பட்டது. வாங்கியோரில் ஆளுநர் ஸ்டூவர்ட் மக்கென்சியும் உயர் அதிகாரிகளும் அடங்குவர். இக்கோப்பி வெறியை நேரிற் கண்டவரும், அக்காலக் குடியேற்றச் செயலாளருமான எமர்சன் டெனன்ட் தமது நூலில் அதனை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். 1847-இல் விலை வீழ்ந்தது. தோட்டங்கள் அடிவிலைக்குக் கைமாறின. மீண்டும் எழுந்த கோப்பியை 1869-இல் காணப்பட்ட இலைத்துரு நோய் படிப்படியாக அழித்தது. 1884-இல் ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் முறிந்தது. இம்முயற்சிகளைக் குறிக்க வழங்கிய சொல் 'ஸ்பெகியுலேஷன்'. காவற்கோபுரத்திலிருந்து நோக்குதல் அதன் மூலம். இலாபம் கருதிய கொள்வனவு என்னும் பொருள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. தோட்டம் முழுவதையும் நோக்கும் மேட்டிலே துரையின் பங்களா கட்டப்பட்டமை இம்மூலத்தை நினைவூட்டுகின்றது, வேறு காரணங்கள் அதற்கு இருப்பினும்.

1841 அளவில் சீனத் தேயிலைக் கன்றுகளைப் புசல்லாவையிலும் இறம்பொடைப் பகுதிக் கொண்டகலையிலும் நட்டோர் வேர்ம்ஸ் சகோதரர். அவர்களுடைய தாய், றோத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் தலைவர் மயர் அம்ஷெலின் மகள். புசல்லாவைத் தோட்டத்துக்கு அவர்கள் றோத்சைல்ட் என்றே பெயரிட்டனர். அத்தேயிலை முயற்சி செலவு மிகுந்து கைகூடவில்லை. ஆயினும் அவர்கள் அழிந்துவிடவில்லை. 1865-இல் தோட்டங்களைச் சிலோன் கம்பனிக்கு விற்றுவிட்டு வெளியேறினர். 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு வெற்றிகண்ட ஜேம்ஸ் டெயிலரோ சம்பளத்துக்கு உழைத்த தோட்ட அதிகாரி. 1855-இல் பிரித்தானியாவில் வரையறுத்த பொறுப்புச் சட்டம் வந்தபின் பங்குதாரர் இழக்கக்கூடியது அவர் இட்ட பங்கின் அளவே ஆயிற்று. கம்பனிப் பெயரின் இறுதியில் நிற்கும் 'லிமிட்டெட்' என்னும் சொல், துணிவுக்குச் சட்டம் போட்ட எல்லைக்கோடாகும். இலாபம் என்பது நிச்சயமின்மையைத் தாங்குவதற்கான வெகுமதி என 1921-இல் பிராங் நைற் கோட்பாடு வகுத்தார். முதலாளியின் துறவறமே இலாபத்தின் ஊற்று எனக் கூறியோரை மார்க்ஸ் எள்ளி நகையாடியது அதற்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே. துறவறத்தின் இடத்தைத் துணிவு பிடித்துக்கொண்டது, அவ்வளவே.

இங்கு 'பயனியர்' என்னும் சொல்லைச் சிறப்பாகக் கூறவேண்டும். தோட்டத்துறை வரலாறு எழுதிய ஆங்கிலேயர் முதல் துரைமாரைப் பயனியர் என்று போற்றினர். நாமும் முன்னோடிகள் என மொழிபெயர்த்தோம். இச்சொல்லின் மூலம் இலத்தீனில் கால் என்னும் சொல்லின் வழிவந்தது; காலாளைக் குறிப்பது. படைக்கு முன்னே சென்று பாதை வெட்டி அகழி தோண்டும் கூலிப்படையாளனே முதலில் பயனியர். அதே மூலத்திலிருந்து போர்த்துக்கீசம் வழியாகக் கீழைநாடுகளுக்கு வந்தது 'பியோன்'. நமது அலுவலகங்களிற் கோப்புத் தூக்கும் பியூன். சதுரங்கத்தின் காலாளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் இதே குடும்பம். ஒரே காலாள் மேலே ஏறியபோது முன்னோடியாகவும், கீழே நின்றபோது பியூனாகவும் பிரிந்துவிட்டான். வியப்பு யாதெனில், பழம் பொருளிலான பயனியர்கள் உண்மையாகவே இம்மலைகளில் உழைத்தனர். ஆளுநர் பார்ன்ஸ் காலத்திலும் (1824–1831) அதன் பின்னும், தொமஸ் ஸ்கின்னர் போன்றோரின் மேற்பார்வையில் வீதிகள் அமைத்த படைக்குப் பயனியர் படை என்பதே பெயர். அதில் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினராயிருந்தனர். கோப்பித் தோட்டத்துக்கு முன்னரே மலைநாட்டுக்குப் பாதை வெட்டிய இவர்களே சொல்லின் இரு பொருளிலும் பயனியர். தோட்ட வரலாற்று நூல்களின் பெயர்ப்பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

தொழிலாளர் வந்த வழியை நோக்குவோம். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காட்டினூடாக மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். 1840-களின் அப்பயணங்களிலும் அவற்றின் பின்விளைவாலும் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டனர் என 1849-இல் கொழும்புப் பத்திரிகையொன்று கணித்தது. அவ்வெண் பற்றி வரலாற்றாய்வாளர் வாதிடுவர். பாதையோரச் சாவுகள் பற்றி வாதமில்லை. கோப்பி மூட்டை கப்பலேறும்போது அதற்குக் காப்புறுதி இருந்தது. வடக்குப் பாதையில் நடந்தவருக்கு எந்தப் பத்திரமும் இருக்கவில்லை.

அவர்களுக்கிருந்தது ஒரு கடன். கங்காணி ஊரிற் கொடுத்த முன்பணமும், வழிச்செலவும், தோட்டத்தில் அவன் கணக்கில் ஏறிய அரிசியும் பற்றாக நின்றன. ஒரு தோட்டத்திலிருந்து கங்காணியின் கூட்டம் விலகவேண்டுமாயின் தோட்டத்துரை 'துண்டு' எழுதுவார்: இன்ன தொகையைச் செலுத்துபவர் இவ்வாட்களைக் கொண்டுபோகலாம். கூடிய முன்பணம் தரும் தோட்டத்துக்குத் துண்டு நகரும்; அதனோடு கடனும் வளரும். 1921-இல் சட்டத்தாற் தடைசெய்யப்படும்வரை இம்முறை நீடித்தது. பழைய ஆங்கிலத்தில் ஒருவனுடைய 'டேஞ்சரில்' இருத்தல் என்று எதைக் குறித்தனரோ, அதனை 19-ஆம் நூற்றாண்டு மலைநாடு துண்டிலே கண்டது. சொல் பொதுமை பெற்று ஐரோப்பாவிலே தன் ஆண்டானை மறந்துவிட்ட காலத்தில், இங்கே உறவு அப்படியே புதுப்பிக்கப்பட்டது.

தொழிலாளி துணிந்தபோது அதற்கு வழங்கிய பெயரும் ஆராயத்தக்கது. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டத்தின்படி முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது குற்றம், தண்டனைக்குரியது. எனினும் இரவோடிரவாக லயத்தைவிட்டு மறைந்தோர் பலர். குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு, அறியாத காட்டுப்பாதையில், சிறைத்தண்டனைக்கு அஞ்சாது நடந்த அச்செயலுக்கு மேலான துணிவு தோட்ட வரலாற்றில் எங்குளது? துரைமாரின் ஆங்கிலத்தில் அது 'போல்ட்' எனப்பட்டது. மிரண்ட குதிரை கட்டறுத்து ஓடுவதைக் குறிக்கும் சொல் அது. முதல் நகர்ந்தால் அட்வெஞ்சர். உழைப்பு நகர்ந்தால் குதிரை ஓட்டம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் சுடப்பட்டபோதும், வேலைநிறுத்தம் செய்தோரின் செயல் ஆள்வோர் பார்வையில் ஒழுங்கீனமாகவே நின்றது.

ஆங்கிலச் சொற்களை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. நமது சாகசம் என்னும் சொல் வடமொழியில் வன்மையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. தருமசாத்திரங்களில் அது வன்முறையாற் செய்யப்படும் குற்றத்தின் பெயர். நமது செய்தித்தாள்கள் இன்றும் 'துணிகரக் கொள்ளை' என்று எழுதும்போது இப்பழைய உறவு தலைகாட்டுகின்றது. ஆபத்து என்பதும் வந்து விழுதலே. தமிழ்ச் சொல்லான துணிவு வேறு பாதையில் வளர்ந்தது. துணித்தல் என்றால் வெட்டுதல். துணிதல் என்றால் ஐயமறுத்து முடிவுசெய்தல், அதன்பின் அஞ்சாது இறங்குதல். முடிவுசெய்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் வெட்டுதலே. வள்ளுவர் தெரிந்துசெயல்வகையில் எண்ணிய பின்னரே துணிதல் வேண்டும் என்கின்றார். வரவை எதிர்நோக்கி முதலையும் இழக்கும் வினையை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. வணிகம் செழித்த சமூகத்தின் எச்சரிக்கை அது; ஆனால் முதலுடையவனுக்குச் சொன்ன எச்சரிக்கை. முதலில்லாதவன் எண்ணித் துணிவதற்கு எதை எண்ணுவது என்னும் வினாவை அவ்வதிகாரம் எழுப்பவில்லை.

இதனோடு இன்னொன்று. துணி என்னும் சொல்லோடு துண்டு என்பதும் உறவுடையதாகக் கருத இடமுண்டு. இரண்டும் வெட்டுண்டதையே சுட்டுகின்றன. கங்காணியின் பேச்சை நம்பி ஊரைத் துணித்து வந்தவர்கள் துண்டிலே கட்டுண்டனர். இதனை மொழியின் விந்தை எனக் கொள்வதோடு நிறுத்திக்கொள்கின்றேன். வேர்ச்சொல்லிலிருந்து விதியை வருவித்தல் ஆய்வாகாது.

அரச தமிழில் இன்று பேரிடருக்கு வழங்கும் சொல் அனர்த்தம். வடமொழியில் அர்த்தம் என்பது, நமது பொருள் என்னும் சொல்லைப் போலவே, கருத்தையும் செல்வத்தையும் ஒருங்கே குறிப்பது; அனர்த்தம் இரண்டும் அற்ற நிலை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. அவ்விடம் பாதுகாப்பற்றது என்னும் எச்சரிக்கை ஆண்டுகள் பலவற்றின் முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 2025 மே 11 அன்று இறம்பொடைக்கு அண்மையில், கெரண்டி எல்லையில், பயணிகள் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு நவம்பரில் டித்வாப் புயலோடு மலைநாடெங்கும் சரிவுகள் நிகழ்ந்தன. நிபுணர்கள் சரிவுகளை இடர்நிலை வாரியாக வகுத்து வரைபடங்களில் நிறந்தீட்டுகின்றனர். அறிவியல் நோக்கில் அது இன்றியமையாத பணி. ஆனால் சரிவிலே லயம் கட்டப்பட்டது மழையினால் அன்று. தேயிலைக்கு உதவாத மூலையில், தொழிற்சாலைக்கும் மலைக்கும் வசதியான தூரத்தில், ஒரு நூற்றாண்டுக்கு முன் யாரோ ஒருவர் எண்ணித் துணிந்து இடங்குறித்தார். வரைபடத்தின் நிறங்களில் அவருக்கென்று ஒரு நிறம் இல்லை.